அழுத்தினால் நின்றுவிடும் மெஷின்

கார் பாலிஷ் செய்யும் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் செய்த முதல் வேலை, தேய்க்கும் மெத்தையான பேடு ஒட்டும் வட்டத் தட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்ததுதான். தட்டு சுற்றுகிறதா, இல்லை சும்மா நடுங்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருடமாக இந்த மெஷினோடு பழகியதில் என் கண் அதிகம் பார்த்தது காரின் பெயின்ட்டை அல்ல, இந்தக் கோட்டைத்தான்.

சொல்ல வந்தது 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் பாலிஷரைப் பற்றி. சுருக்கமாக டிஏ என்பார்கள். 15 மி.மீ. என்பது தட்டு ஊசலாடும் வட்டத்தின் விட்டம். பிராண்டு பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். ஒரே உடம்பு, ஒரே மோட்டார், ஸ்டிக்கர் மட்டும் வேறு என்று இந்த வகை மெஷின் பல பெயர்களில் வருகிறது. அகலமாக ஊசலாடும் இந்த டிசைனைப் பிரபலமாக்கியது இத்தாலியின் ரூபெஸ். அவர்களுடைய பிக்ஃபுட் வரிசையில் 15, 21 என்று இரண்டு அளவு பேர்போனவை. என்னுடையது அதைப் பார்த்துச் செய்த சாதாரண மெஷின். எடை 2.7 கிலோ, 5 அங்குலத் தட்டு, வேகத்துக்கு 1 முதல் 6 வரை திருகும் சக்கரம்.

வாங்கியவர்கள் சொல்லும் பெரிய குறை ஒன்றுதான்: "அழுத்தினால் நின்றுவிடுகிறது, பவர் பத்தவில்லை." நின்றுவிடுவது உண்மை. அது குறை என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்ல, என் முட்டாள்தனத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குத் தொழிலே மெருகேற்றுவதுதான். பல்செட் செய்யும் லேபில் 22 வருடம். அக்ரிலிக்கை முதலில் கல்லால் சீர்செய்து, அப்புறம் மணல்தாள் போட்டு, ஈரமான பியூமிஸ் குழம்பும் துணிச்சக்கரமுமாக ஓட்டி, கடைசியில் காய்ந்த பஃபில் காட்டிப் பளபளப்பாக்குவோம். ஒவ்வொரு பொடிக்கும் தனிச்சக்கரம். சூடு ஏறவிட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும்; வளைந்த பல்செட் வாயில் உட்காராது. இதெல்லாம் கைக்குத் தெரிந்த விஷயம். அதனால் கார் பாலிஷ் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

தம்பி டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் இருந்த ரோட்டரி பாலிஷரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தேன். எங்கள் கார் அடர்நீலம், அப்போது அதற்கு ஒன்பது வயது. டிக்கி மூடியின் பின்பக்க மடிப்பில் ஒரு கோடு போல நீளமாக ஓர் ஓரம் வரும். அதன்மேல் ஒரே ஒரு முறை மெஷினை ஓட்டிக்கொண்டு போனேன். திருப்பிப் பார்த்தால் மஞ்சள் ஃபோம் பேடில் நீலம் ஒட்டியிருக்கிறது. மடிப்பின் உச்சியில் விரல் நீளத்துக்கு மங்கலாக ஒரு பட்டை.

"அக்கா, ஓரத்துல நிறுத்தாதன்னு சொன்னேன்ல?"

"நிறுத்தலடா. ஒரு தடவைதான் போனேன்."

"ஒரு தடவை போதும் அதுக்கு."

இப்போதைய கார்களில் நிறம் ஒரு அடுக்கு. அதன்மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் இன்னொரு அடுக்கு. நாம் பாலிஷ் செய்வது மேலே இருக்கும் அந்தக் கண்ணாடி போன்ற அடுக்கைத்தான். கிளியர் கோட் சாதாரணமாக 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அதிலும் மடிப்பு, ஓரம் என்று வந்தால் பெயின்ட் இன்னும் மெலிந்திருக்கும். மெஷினின் மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டின்மேல் போய் உட்காரும். பேடில் காரின் நிறம் வந்தால் கிளியர் கோட் போயே போய்விட்டது என்று அர்த்தம். கிளியர் கோட்டே இல்லாத வண்டிகளில் மட்டும் நிறம் வருவது சகஜம், அங்கே பயப்பட வேண்டாம்.

ரோட்டரியில் தட்டு மோட்டாரோடு நேராகப் பிணைந்திருக்கிறது. ஒரே அச்சில் சுற்றும். நீங்கள் அழுத்தினாலும் சுற்றும், ஓரத்தில் மாட்டினாலும் சுற்றும், பெயின்ட் எரிந்தாலும் சுற்றும். தம்பி போன்ற கைக்கு அது தங்கம். எனக்கு?

டிஏ அப்படி இல்லை. தட்டின் நடுப்புள்ளி மோட்டார் அச்சிலிருந்து விலகி இருக்கும். மோட்டார் ஓடும்போது அந்தப் புள்ளி 15 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஓடுகிறது. தட்டு தன்னைத்தானே சுற்றுவது தனிக் கதை. அதை யாரும் சுற்றிவிடுவதில்லை. ஒரு பேரிங்கில் சுதந்திரமாக உட்கார்ந்துகொண்டு, ஊசலாடும் வேகத்தில் தானாகவே சுற்றும். கையை வைத்து அழுத்தினால், மெஷினைச் சாய்த்தால், வளைவில் ஏற்றினால் சுற்று நின்றுவிடும். வெறும் அதிர்வுதான் மிஞ்சும். வெட்டும் வேகம் விழுந்துவிடும், சூடும் ரோட்டரி போல ஏறாது.

யோசித்துப் பாருங்கள், எங்கெல்லாம் நிற்கிறது? மடிப்பில், ஓரத்தில், கண்ணாடிக் கூட்டின் வளைவில், கதவுக் கைப்பிடியைச் சுற்றி. பெயின்ட் ஆபத்தில் இருக்கும் அதே இடங்களில். ஆள் அவசரப்பட்டு அழுத்தும்போதும் நிற்கிறது. "பவர் இல்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் மெஷின் காப்பாற்றிவிட்ட இடத்தைத்தான் சொல்கிறார்கள். நிற்காமலேயே ஓட வேண்டும் என்றால் கியர் வைத்துத் தட்டைக் கட்டாயமாகச் சுற்றவிடும் டிஏ வகையும் இருக்கிறது. கொஞ்சம் சூடு கூடும், மெஷின் கையை இழுக்கும். முதல் மெஷினாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதற்காக இதை வைத்துக்கொண்டு பெயின்ட்டை எரிக்கவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். முன்பக்க பம்பர் பிளாஸ்டிக். தகரம் போல அது சூட்டைப் பரப்பி விடாது. வந்த சூடு அங்கேயே தங்கும். ஒரு மூலையில் பிடிவாதமாக நின்றுவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தேன், வெடுக்கென்று எடுக்க வேண்டியதாகிவிட்டது. பல்செட் வளைந்த ஞாபகம் வந்து மெஷினை அணைத்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

சரி, வேலை எப்படி இருக்கிறது?

கழுவுவது, இரும்புத் தூள் நீக்கும் திரவம் அடிப்பது, ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் போன்ற கிளே பாரால் தேய்ப்பது இதெல்லாம் மெஷினுக்கு முன்னால் முடிய வேண்டியவை. இரும்பு நீக்கி பட்ட இடத்தில் ஊதா நிறமாக ஒழுகும். முடி சுருட்டும் லோஷன் வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். கிளே போதுமா என்று பார்க்க, கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பெயின்ட் மேல் தடவினால் போதும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையோடு தடவும்போது மணல் மாதிரி தெரியும். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கு மாஸ்கிங் டேப். அதைச் சோம்பலில் விட்டால் பாலிஷ் காய்ந்து வெள்ளையாகப் படிந்து, பல்துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார வேண்டி வரும். உட்கார்ந்திருக்கிறேன்.

பானெட்டில் முதல் சோதனை. இரண்டு சாண் நீளம், இரண்டு சாண் அகலத்துக்குச் சதுரமாக டேப் ஒட்டிக்கொண்டேன். எப்போதும் மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் நடுத்தர ஃபோம் பேடும் சாதாரண பாலிஷும். பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை இயக்குவதற்கு முன்பே பேடைப் பெயின்ட் மேல் வைத்துவிட வேண்டும். தூக்குவதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். இதை நான் ஒருமுறை மறந்தேன். கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரரின் சட்டையில் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

1-ல் வைத்து பாலிஷைப் பரப்பி, பிறகு 5-க்கு ஏற்றினேன். நகர்த்தும் வேகம்தான் எல்லோரும் தப்பு செய்யும் இடம். தரை துடைப்பது போல வீசக் கூடாது. நொடிக்கு ஒரு அங்குலம். முதலில் இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தியதில் பாதியை மூடும்படி. அடுத்து மேலிருந்து கீழாக. மெஷினின் எடையோடு கையின் எடையையும் கொஞ்சம் சேர்த்தால் போதும். கறுப்புக் கோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மங்கலாக ஒரு வளையம் போலத் தெரிந்தால் சரி. கோடு கோடாகவே தெரிந்தால் அழுத்திவிட்டீர்கள், அல்லது சாய்த்துவிட்டீர்கள். நாலு முறை முடிந்தபோது பாலிஷ் வெள்ளை போய் எண்ணெய்ப் படலம் போலத் தெளிந்திருந்தது. மைக்ரோஃபைபரால் துடைத்து எல்.இ.டி. விளக்கைக் காட்டினேன்.

ஏமாற்றம். கீறல்களில் பாதிக்கு மேல் போயிருந்தது, ஆனால் மெல்லிய கீறல்களின் வலை இன்னும் இருந்தது.

அந்த வலையைப் பற்றி ஒன்று. விளக்கைக் காட்டினால் வட்ட வட்டமாகத் தெரிகிற கீறல்களை எல்லோரும் வட்டமாகத் தேய்த்ததால் வந்தவை என்கிறார்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. விளக்கை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். அழுக்குத் துணியில் நேர்கோட்டில் தேய்த்தாலும் இதே வலைதான் வரும்.

அடுத்து மைக்ரோஃபைபர் கட்டிங் பேடும், பாலிஷை விட வேகமாக வெட்டும் காம்பவுண்டும். வலை போயே போய்விட்டது. ஆனால் பெயின்ட் மேல் மூச்சு விட்டது போல ஒரு மங்கல் தங்கியது. காம்பவுண்டே விட்ட நுண்ணிய கீறல்கள் அவை. அடர் நிறங்களில் அதிகம் தெரியும். மூன்றாவதாக மெத்தென்ற ஃபினிஷிங் ஃபோமும் மென்மையான பாலிஷும் போட்டபோது அந்தச் சதுரம் மட்டும் கிணற்றில் எட்டிப் பார்ப்பது போல ஆழமாக இருந்தது. டேப்பை உரித்தேன். ஒரு பக்கம் பழைய பானெட், ஒரு பக்கம் இது. ரோட்டரி வைத்திருக்கிற தம்பியே குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தான், பேசவில்லை.

ஆனால் அந்த ஒரு சதுரத்துக்கு 40 நிமிஷம். முழுக் காருக்கு இரண்டு வார இறுதிகள், கூட்டிப் பார்த்தால் 16 மணி நேரத்துக்குக் கிட்டே. மூன்று மணி நேரத்தில் முடிப்பேன் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம்.

இப்போது என் குறைகள். அழுத்தினால் நிற்பது இதில் கிடையாது.

பெட்டியோடு வந்த பேடுகள் குப்பை. மூன்றாவது பேனலில் ஃபோமும் பின்பக்க வெல்க்ரோவும் பிரிந்து, ஃபோம் தனியாகப் பறந்து தரையில் விழுந்தது. நடுவில்தான் சூடு அதிகம் சேரும், அங்கே பசை இளகிவிட்டது. தரையில் விழுந்த பேடைத் தட்டிவிட்டு மறுபடி போட எனக்கு மனம் வந்ததுதான் அடுத்த தப்பு. ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் துகள் கதவில் சுருள் சுருளாகக் கோலம் போட்டுவிட்டது. விழுந்த பேடு விழுந்ததுதான். கழுவாமல் காருக்குப் போகக் கூடாது.

கூடவே வந்த பாலிஷ் பாட்டில் இன்னும் மோசம். போட்டதும் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு முறை கழுவியதும் கீறல் அத்தனையும் திரும்பி வந்து நின்றது. கீறலை எடுக்காமல் எண்ணெயால் நிரப்பி மறைத்திருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு பேனலையும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் விளக்கைக் காட்டுகிறேன். எண்ணெய் போன பிறகும் தெளிவாக இருந்தால்தான் வேலை முடிந்தது.

அதிர்வு ஒரு தொல்லை. உள்ளே இருக்கும் எதிர் எடை குறிப்பிட்ட அளவு பேடுக்காகச் சமன் செய்யப்பட்டது. தடித்த, கனமான பேடு போட்டால் உதறும். அரை மணி நேரம் கழித்து விரல்கள் மரத்துப்போகும். மெல்லிய பேடு போட்டால் தட்டும் நன்றாகச் சுற்றுகிறது, கையும் பிழைக்கிறது. வேகச் சக்கரம் வைத்திருக்கும் இடமோ, கட்டைவிரல் பட்டுத் தானாக 6-க்குப் போகிற மாதிரி. நான் அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். மின்கம்பி தோளுக்கு மேலே போய்விட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் பாலிஷ் செய்த இடத்தையே அது உரசிக்கொண்டு வரும். காதுக்கு அடைப்பானும் முகத்துக்கு மாஸ்க்கும் வேண்டும்.

கதவின் கீழ்ப்பகுதியில் 2.7 கிலோவைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு மண்டிபோடுவது ஐம்பதைத் தொட்டவர்களுக்கான வேலை இல்லை. சிறிய ஸ்டூல் ஒன்று வாங்கினேன். இந்த மொத்த ஏற்பாட்டில் மிகவும் உபயோகமான பொருள் அதுதான் என்று சில நாள் தோன்றும்.

மெஷினுக்குச் செலவழிப்பதை விடப் பேடுகளுக்குச் செலவழியுங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று நாலு வேண்டும். ஒரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். செத்த பாலிஷும் உரிந்த பெயின்ட் தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் பேடு வெட்டாது, சூடுதான் ஆகும். காம்பவுண்டு பட்ட பேடை ஃபினிஷிங்குக்குத் தொடவே கூடாது. தனிச்சக்கரம், தனிப்பொடி என்று லேபில் புதுப் பிள்ளைகளைத் திட்டுகிற நானே இரண்டாவது நாள் பேடை மாற்றிப் போட்டு, ஒரு மட்கார்டு முழுவதையும் திரும்பச் செய்தேன். பேடின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தில் ஆரஞ்சு என்றால் நடுத்தரம், இன்னொன்றில் வேறு.

தம்பி பட்டறையின் தடிமன் மீட்டரைக் கொண்டுவந்து அளந்தோம். கூரை 118 மைக்ரான், பானெட் 112. இடது முன்கதவு 260! நாங்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ அடிவாங்கி மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்றவர் வாயே திறக்கவில்லை. மீட்டர் காட்டுவது தகரத்துக்கு மேலே இருக்கும் எல்லா அடுக்கின் கூட்டுத்தொகை. அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று தெரியாது, பிளாஸ்டிக் பம்பரில் இது அளக்கவும் அளக்காது. பானெட் முழுதும் முடித்துவிட்டு அளந்தபோது 110. இரண்டு மைக்ரான் என்பது மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனாலும் இது சேர்க்கிற வேலை இல்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுக்கிற வேலை. புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தக் கிளியர் கோட்தான். நகம் மாட்டுகிற ஆழக் கீறல் ஒன்று டிக்கி மேலேயே இருக்கிறது. அதை எடுக்கப் போனால் கிளியர் கோட்டை அதன் அடிவரை இறக்க வேண்டும். விட்டுவிட்டேன். ஓரங்கள் மழுங்கியதில் பாதிதான் தெரிகிறது.

எல்லாம் முடிந்து, பாதுகாப்புப் பூச்சான சீலன்ட் போட்ட மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்க்கிறேன், வீட்டுக்காரர் காய்ந்த துணியால் பானெட்டைத் தட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"தூசியா இருந்துச்சு. நீ கஷ்டப்பட்டுப் பண்ணினதாச்சேன்னு..."

அந்த வலை மெஷினால் வந்ததில்லை, இந்த அன்பால் வந்ததுதான். இப்போது இரண்டு வாளி வைத்திருக்கிறேன், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். காய்ந்த துணி எதுவும் கார் பக்கத்தில் இல்லாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் மறுபடி போட்டேன்.

ஒரே ஒரு கார், வருடத்துக்கு ஒருமுறை தொடப்போகிறீர்கள், பொறுமை இருக்கிறது என்றால் 15 மி.மீ. வாங்குங்கள். 21 பெரிய பானெட், கூரைக்கு வேகமாக இருக்கும். குறுகலான கதவு, தூண்களில் திணறும். 8 மி.மீ. வளைவுகளில் நன்றாகச் சுற்றும், ஆனால் நேரம் இன்னும் இழுக்கும். தினமும் நாலு வண்டி பார்க்கிறவர்களுக்கு இது பத்தாது, அவர்களுக்கு நான் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. மீதிப் பேர் பெட்டியோடு வருகிற பேடையும் பாட்டிலையும் ஓரமாக வைத்துவிட்டு மார்க்கரை எடுங்கள். கண்ணாடிக் கூடும் கைப்பிடிக் குழியும் கையால்தான். அதற்கு 3 அங்குலத்தில் சின்ன மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.